குறை சொல்லாத மனைவிக்கு ஒரு கசூலே

என் மனைவி சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்திய அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அதுவரை அவள் குறை சொல்லாத சாப்பாடு இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் சமைக்கப்பட்டதில்லை. கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சியதும், "புளி பழசு" என்று பக்கத்து இலைக்குச் செய்தி போய்விடும். கோயில் அன்னதானத்தில் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "சாமிக்காகப் பொறுத்துக்கிட்டேன்" என்பாள். தன் சமையலையும் விடமாட்டாள். "வத்தக்குழம்பை ஒரு கொதி முந்தி எறக்கிட்டேன்" என்று அவளே கண்டுபிடித்து அவளே வருத்தப்படுவாள். அந்த நேரத்தில் நான் மூன்றாவது கரண்டி வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு எதைப் போட்டாலும் நன்றாக இருக்கும். அதனாலேயே என் பாராட்டுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு கிடையாது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, மாத்திரையில் சமாளிக்கலாம், ஆனால் உப்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார். பிறகு ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியதைப் பார்த்தால், சொந்தக்காரர்களின் சாவுச் செய்தியைக் கேட்பது போலிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்துப்பு போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சார், அதுவும் உப்புதான். கடையில உப்புக்குப் பதில்னு ஒண்ணு விப்பாங்க, அதையும் என்னைக் கேக்காம வாங்கிடாதீங்க."

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று நான் அவரிடம் அறிமுகம் செய்துகொண்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுப்படி வெக்கை அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால் சமையல் என் கைக்கு வந்தது. உப்பில்லாத சாம்பார் வைத்தேன். உப்பில்லாத கூட்டு வைத்தேன். உப்பில்லாத உப்புமா கிண்டினேன். அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு வாய் சாப்பிடுவாள், தட்டை ஓரமாக நகர்த்துவாள், "போதுங்க" என்பாள். அவ்வளவுதான். குழம்பில் பருப்பு வேகவில்லை என்று எனக்கே தெரிந்த நாளிலும் "போதுங்க" தான். காய் கருகிய நாளிலும் அதே "போதுங்க."

துணைக்கு நானும் உப்பில்லாமல் சாப்பிடுவதாகச் சபதம் எடுத்திருந்தேன். சபதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் முதல் என் சட்டைப் பையில் ஒரு சின்ன பாலிதீன் கவரும், அதற்குள் ஒரு துண்டு உப்பு நாரத்தங்காயும் குடியேறின. கொல்லைப்புறம் போய் ஒரு கடி, திரும்பி வந்து ஒரு வாய்ச் சோறு.

"சட்டைப் பையில என்னங்க மஞ்சளா கறை?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சாக்பீஸ்."

"ரிட்டயராகி வருஷக்கணக்காச்சு. இப்ப யாருக்கு மஞ்ச சாக்பீஸ்ல பாடம் எழுதுறீங்க?"

என்னைக் குறை சொல்வதை அவள் நிறுத்தவில்லை என்பது ஓர் ஆறுதல். சாப்பாட்டைத்தான் விட்டுவிட்டாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கத் தொடங்கியது.

அடுத்த முறை போனபோது டாக்டர் எடை பார்த்தார். கால் வீக்கம் வடிந்திருந்தது, அது நல்ல விஷயம். ஆனால் எடை குறைந்தது அதனால் மட்டும் இல்லை என்றார். "சாப்பிடறதே இல்லையாம்மா? அடுத்த தடவை வரும்போதும் இப்படியே எறங்கியிருந்துச்சுன்னா, உள்ளே சேர்த்துத்தான் பாக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஆஸ்பத்திரில கட்டில்ல படுத்தேன்னா எந்திரிக்க மாட்டேங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி ஊசி மாதிரி ஆக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் தம்பிக்குப் போன் செய்தேன். அவர்கள் காரைக்கால் குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பாட்டன் புண்ணியத்தில் என் மைத்துனன் பிரான்ஸ் பிரஜை. துலூஸ் பக்கத்தில் வீடு. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ரெண்டு பேரும் அங்கே போயிருந்தோம். அந்த ஊர்ச் சாப்பாடு எதுவும் என் மனைவியிடம் பாஸ் மார்க் வாங்கவில்லை. ரொட்டியை, "விறகு" என்றாள். பாலாடைக் கட்டியை முகர்ந்துவிட்டுத் தட்டோடு என் பக்கம் தள்ளினாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் ஒரு மண்சட்டியை அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே வெள்ளைப் பயறும் வாத்துக்கறியும் மணிக்கணக்காக வெந்து, மேலே பொன்னிறத்தில் ஒரு மொறுமொறு ஓடு கட்டியிருந்தது. கசூலே என்றான். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் போடுடா" என்றாள்.

எங்கள் திருமண வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் கேட்டது அன்று மட்டும்தான். இப்போது நம்புவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"மாப்ள, அந்தக் கசூலே எப்படிப் பண்றது? உப்பில்லாம வேணும்."

அவன் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான். "அத்தான், அதுல போடுற வாத்து உப்புல ஊறினது. சாசேஜ்ல உப்பு. பன்னிக்கறியும் உப்புக்கண்டம். டின்ல வர்ற பீன்ஸ் உப்புத் தண்ணியிலதான் இருக்கும். மேல தூவுற ரொட்டித் தூள்லயும் உப்பு இருக்கு. உப்பை எடுத்துட்டா மிச்சம் சட்டிதான் இருக்கும்."

"சட்டி நம்மகிட்ட இருக்கு. மேல சொல்லு."

அவன் சிரித்துவிட்டுச் சொன்னான். நான் ஒவ்வொன்றாக நம்ம ஊருக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். வெள்ளை பீன்ஸுக்குக் காய்ந்த மொச்சை. உப்பிட்ட வாத்துக்குப் பச்சை வாத்து. மிளகும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் தடவி ஊறவைத்தது. ரொட்டித் தூளுக்குக் கெட்டி அவலை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தது. தைம் என்று ஓர் இலை போடவேண்டும் என்றான். அங்கேதான் என் படிப்பு உதவியது. அந்த இலையின் வாசனைக்குக் காரணமான தைமால் நம் ஓமத்திலும் உண்டு, ஓமவல்லியிலும் உண்டு என்று அவனுக்குப் போனிலேயே பாடம் எடுத்தேன். "வேதியியல்னா சும்மா இல்ல மாப்ள" என்றும் சொன்னேன். இந்த வாக்கியம் பின்னால் என்னைத் தேடிவந்து அறைந்தது.

வாத்துக்கு அலையவேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்து வயல்களில் வாத்துப் பட்டி வந்து இறங்கிவிடும். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டு அவை கூட்டமாக வரப்பு தாண்டும். மேய்ப்பவரிடம் போய், நல்ல கொழுப்புள்ள வாத்தாக ஒன்று வேண்டும் என்றேன்.

"எல்லாம் கொழுப்புதாங்க சார். புடிச்சுப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வாத்துகள் என்னை ஒரு சுற்று பார்த்துவிட்டு அகலமாக விலகின. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் என் இடது கால் முழங்கால் வரை போனது. செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவர் வந்து ஒரே எட்டில் ஒரு வாத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அறுத்து, சுத்தம் செய்து, கொழுப்பைத் தனியாக எடுத்தும் கொடுத்தார்.

மொச்சையை இரவே ஊறவைத்தேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் எந்தப் பயறும் சீக்கிரம் வேகாது. பிள்ளையார் சதுர்த்திச் சுண்டலுக்கு எங்கள் தெருவே செய்வதை நானும் செய்தேன். ஊறும்போது ஆப்ப சோடா கொஞ்சம் போட்டேன். காலையில் வேகவைக்கும்போது இன்னும் கொஞ்சம். மைத்துனன் சொன்ன தக்காளியையும் முதலிலேயே அள்ளிப் போட்டிருந்ததால் மொச்சை கல் மாதிரி நின்றது. அதனால் மறுபடியும் சோடா. சட்டி நுரைத்துப் பொங்கியது. புளிப்போடு சோடா சேர்ந்தால் என்ன ஆகும் என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் சமன்பாடு எழுதியவன் நான். அந்தச் சமன்பாடே எழுந்து என் முன்னால் நுரைத்தது. நான் அதைக் கரண்டியால் எடுத்துக் கொட்டிவிட்டு, "அழுக்கு" என்று சொல்லிக்கொண்டேன்.

உப்பு டப்பாவை மட்டும் பரணில் தூக்கி வைத்திருந்தேன். கை தவறிக்கூட விழக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை.

வீட்டில் ஓவன் கிடையாது. கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவர் என் பழைய மாணவர். வாத்து, மொச்சை, வெங்காயம், பூண்டு எல்லாம் அடுக்கிய மண்சட்டியைத் துண்டால் கட்டி ஸ்கூட்டரில் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். ரொட்டி எடுத்து முடித்த சூட்டில் வைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"சார், கெமிஸ்ட்ரில நீங்க போட்ட மார்க்குக்கு எனக்கு இந்த அடுப்புதான் கெடச்சுது. உங்களுக்கு இல்லாததா? வைங்க."

மேலே ஓடு கட்டக் கட்ட அதை உடைத்து உள்ளே அமுக்கவேண்டும், மறுபடி கட்டும், மறுபடி உடைக்கவேண்டும் என்று விளக்கினேன். அவர் நீளக் கரண்டியோடு உற்சாகமாக நின்றார். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "சார் வாத்துல கேக் பண்றாரு" என்று ஒரு செய்தி பஸ் ஸ்டாண்டு வரை போனதாகப் பிறகு தெரிந்தது.

மதியம் அவள் முன்னால் இலை போட்டேன். கல்யாண வீட்டுப் பழக்கம் என் கையில் ஊறிப்போனது. இலை என்றதும் விரல் தன்னால் ஓரத்தில் உப்பு வைக்கப் போனது. டப்பா பரணில் இருந்ததால் அவள் பிழைத்தாள். சட்டியில் கட்டியிருந்த மேலோட்டை உடைத்து நடு இலையில் பரிமாறினேன். வாசனை நன்றாகவே வந்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். ஒரு மொச்சையை விரலால் எடுத்து நசுக்கினாள். அது நசுங்கவில்லை, கரைந்தது. தோல் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போக, உள்ளே இருந்தது பசை மாதிரி விரலில் ஒட்டியது.

வாயில் வைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சோடா போட்டீங்களா?"

"ஒரு சிட்டிகை."

"யாரு சிட்டிகை? உங்க சிட்டிகையா?"

"ரெண்டு... மூணு தடவை."

"ஆப்ப சோடாவுக்கு வேற ஒரு பேரு இருக்கே. அது என்னங்க?"

"எது?"

"அதாங்க, வீட்டு டியூசன்ல கத்துவீங்களே. முழுப் பேரைச் சொல்லுங்க."

"சோடியம்" என்று ஆரம்பித்தேன். உப்பில் டாக்டர் வேண்டாம் என்றதும் அதே சோடியம்தான்.

"பை கார்பனேட்" என்று அவள் முடித்தாள். "இருபது வருஷம் அந்த ரூம்ல நீங்க கத்த, நான் இந்தப் பக்கம் அடுப்படியில நின்னு கேட்டிருக்கேன். படிக்க வந்த புள்ளைங்க மறந்திருக்கும். எனக்கு மறக்கல. உப்பு டப்பாவைப் பரண்ல ஏத்திட்டு, சோடா டப்பாவைச் சட்டியில கவுத்திருக்கீங்க!"

அதற்குப் பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும் என்று நான் பயந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் கிளறிப் பார்த்தாள்.

"தக்காளிய முன்னாடியே போட்டீங்களா? அதான் மொச்சை வேகாம சோடாவுக்குப் போயிருக்கீங்க. வெங்காயம் இன்னும் வதங்கணும், இது பச்சையா நாறுது. பூண்டு ஒரு பக்கம் கருகிருக்கு. வாத்துத் தோலை முதல்ல தனியா வாட்டிருக்கணும். இது என்ன இலை?"

"ஓமவல்லி."

"அது ஒண்ணுதான் உருப்படி."

நான் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒவ்வொரு குறையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் காது குளிர்ந்தது. ஆனால் இலையில் இருந்தது அப்படியே இருந்தது என்பதையும் பார்த்தேன். அன்றும் அவள் சாப்பிட்டது வெறும் மோர்ச் சோறு, ரெண்டு வாய்.

அந்தச் சட்டியை நானும் பேக்கரிக்காரரும் அவருடைய ஆட்களும் தீர்த்தோம். உப்பு தூவிக்கொண்டுதான். "சார், நுரை மாதிரி எறங்குது" என்றார் அவர். பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அடுப்படியில் பாத்திரச் சத்தம். நான் எழுந்து போவதற்குள் அவள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லைப்புறம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"போங்க, இன்னொரு வாத்து வாங்கிட்டு வாங்க. புடிக்கிறேன்னு நீங்க எறங்காதீங்க, மிச்சம் இருக்கிறது ஒத்தைச் செருப்புதான்."

மொச்சையைக் குடிதண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் முந்தின இரவே அவளே ஊறவைத்திருந்தாள். போர் தண்ணீரைத் தொடவே கூடாது என்று உத்தரவு. செங்கல் அடுப்பு மூட்டினேன். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. வாய் மட்டும் எழுந்து எழுந்து வந்தது. "வாத்துக் கொழுப்பு உருகட்டும். அவசரம் என்ன, ஸ்கூல் மணி அடிச்சிருச்சா? வெங்காயம் செவக்கட்டும். இன்னும். இன்னும்ங்க. இப்ப எடுத்தீங்கன்னா நேத்து மாதிரிதான்." மொச்சை விரலுக்குப் பதமாக நசுங்கிய பிறகுதான் தக்காளியை உள்ளே விட்டாள். மிளகைக் கூடுதலாக இடிக்கச் சொன்னாள். ரெண்டு கிராம்பு. கடைசியில் எலுமிச்சம்பழத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே பிழிந்தாள்.

பேக்கரி வேண்டாம் என்றுவிட்டாள். சட்டியின் மேல் பழைய இரும்புத் தோசைக்கல்லை மூடி, அதன் மேல் கொட்டாங்குச்சித் தணலை அள்ளிப் போடச் சொன்னாள். கீழே கொஞ்சம் நெருப்பு, மேலே நிறைய. நான் இடுக்கியால் கல்லைத் தூக்குவேன். அவல் ஓடு சிவந்திருக்கும். அவள் நீண்ட கரண்டியால் எட்டி உடைத்து அமுக்குவாள். மறுபடி மூடுவேன். சாம்பல் பறந்து என் தலையில் விழுந்தது.

"இப்பதான் வாத்தியாரு மாதிரி இருக்கீங்க" என்றாள். "தலையெல்லாம் சாக்பீஸ்."

வெயில் சாயும் நேரத்துக்குச் சட்டி இறங்கியது. இந்த முறை இலை போடவில்லை. அவள் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள். நான் அடுப்பைக் கிளறுவது போல் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். ரெண்டு வாய் ஆனது. "போதுங்க" வரும் இடம் அதுதான். வரவில்லை. மூன்றாவது வாய். கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்தாள். பிறகு எழுந்து வந்து, சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மொறுமொறு ஓட்டைக் கரண்டியால் சுரண்டினாள். அந்த ஓரம் எனக்கு என்று நான் மனதுக்குள் வைத்திருந்த பங்கு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முழுவதையும் சுரண்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். உப்பு இல்லை என்பது முதல் வாயில் தெரிந்தது. அதற்குப் பிறகு வெங்காயத்தின் இனிப்பும் மிளகும் எலுமிச்சையும் வாத்துக் கொழுப்பும் ஒவ்வொன்றாக வந்து அதை மறக்கடித்தன. எனக்கு எல்லாமே நன்றாக இருக்கும் என்பதால் என் சாட்சி செல்லாது. ஆனாலும் சொல்கிறேன், சட்டைப் பையிலிருந்த நாரத்தங்காயை அன்று நான் தொடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வாத்து இல்லை. ஆனால் தினமும் நாற்காலி வந்தது. கீரைக்குப் பூண்டு அதிகம் வைத்தாள், ரசத்துக்கு மிளகை ஏற்றினாள், கத்தரிக்காயைத் தணலில் சுட்டு எலுமிச்சை பிழிந்தாள். உப்பு இல்லாத குறையை வேறு எதனால் மறைக்கலாம் என்பதே அவளுக்கு ஒரு வீம்பாகிவிட்டது. கைக்கருவி நான். வசவு வாங்கும் கைக்கருவி.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. அவள் எடை பார்க்கும் கருவியில் ஏறினாள். நான் கண்ணை மூடித் திறந்தேன். டாக்டர் எடையைப் பார்த்தார், குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறதே, அது வீக்கமோ என்று நானும் குனிந்து பார்த்தேன். விரலை எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி விழவில்லை.

"நீர் இல்ல. சாப்பாட்டுல ஏறின எடைதான்" என்றார். "கட்டிலெல்லாம் வேணாம். இப்படியே போங்க. என்னம்மா சாப்பிட்டீங்க?"

"மொச்சையும் வாத்தும் போட்டு பிரான்ஸ் பக்கம் ஒண்ணு செய்வாங்க, டாக்டர். இவருதான் செஞ்சாரு. உப்பு துளிகூடப் போடல."

டாக்டர் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்த இந்துப்புக் கேள்விக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லா இருந்துச்சாம்மா?"

என் மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே யோசித்தாள்.

"வாத்து இன்னும் ஒரு கொதி வெந்திருக்கணும்" என்றாள்.